வீட்டு மின்தடையும் முதன்மை மின்சுற்று முறிப்பானின் பழுதும்

மின்னளவி வரை மின்சாரம் வந்திருந்தும் வீட்டுக்குள் விளக்கு எரியாமல் போவதற்கு, முதன்மை மின்சுற்று முறிப்பானில் ஏற்படும் பழுது ஒரு முக்கியக் காரணமாகும். இக்கருவி பேச்சு வழக்கில் 'மெயின்', 'எம்.சி.பி.', 'டிரிப் சுவிட்ச்' எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகிறது. மதுரை நகரிலும், அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிச் சமவெளிகளிலும் கடும் கோடை வெப்பம், பழைய கம்பியமைப்பு, ஆழ்துளைக் கிணற்று மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவை ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதால் இப்பழுதை அடையாளம் காண்பதில் குழப்பம் நேர்வதுண்டு.

முறிப்பான் 'விழுவது' பழுது அன்று. அது தன் வேலையைச் செய்வதன் அடையாளம். விழ வேண்டிய நேரத்தில் விழாதிருப்பது, மேலே நிற்கும்போதே மின்சாரத்தைக் கடத்தாதிருப்பது, குறைந்த சுமையிலும் சூடாவது ஆகிய மூன்றுமே உண்மையான பழுதுகள். இந்த வேறுபாட்டை அறியாமல் முறிப்பானைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளுவதும், அதைவிடப் பெரிய அளவுள்ளதை மாட்டுவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

மின்சாரம் வீட்டை அடையும் வழி

துணை மின்நிலையத்திலிருந்து 11 அல்லது 22 கிலோவோல்ட்டு அழுத்தத்தில் வரும் மின்சாரம், தெருவில் உள்ள மின்மாற்றியில் தாழ்வழுத்தமாக மாற்றப்படுகிறது. அங்கிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் மின்கம்பங்கள் வழியே செல்கின்றன. ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் வருகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தம் சுமார் 230 வோல்ட்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டுக்கு மூன்று பேஸ்களும் நியூட்ரலும் வருகின்றன. இரு பேஸ்களுக்கு இடையே உள்ள அழுத்தம் சுமார் 400 வோல்ட்டு.

கம்பத்திலிருந்து வரும் இணைப்புக் கம்பி, மின்வாரியத்தின் பியூஸ் கட்டையையும் மின்னளவியையும் கடந்து வீட்டு மெயினை அடைகிறது. மெயினுக்குப் பிறகு அறைகளுக்கும் மோட்டாருக்கும் குளிர்சாதனத்துக்கும் தனித்தனிக் கிளை முறிப்பான்கள் உள்ளன. எனவே வீடு முழுவதும் மின்சாரம் இல்லை என்றால் தடை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்க வேண்டும்: தெருவில், கம்பத்துக்கும் மின்னளவிக்கும் இடையில், அல்லது மெயினில். பழுது காணும் வேலையின் முதற்பகுதி, இம்மூன்றில் இரண்டை விலக்குவதே.

முறிப்பான் செயல்படும் முறை

முற்காலத்தில் வீடுகளைக் காத்தது பியூஸ் கம்பி. மிகுதியான மின்னோட்டத்தில் அது உருகி அறுந்துவிடும்; ஒவ்வொரு முறையும் புதுக் கம்பி கட்ட வேண்டும். மீண்டும் பயன்படுத்தத்தக்க சிறிய முறிப்பான் 1920களில் செருமனியின் மன்ஹைம் நகரில் ஊகோ ஸ்டாட்ஸ் என்பவரின் நிறுவனத்தில் உருவானது. வெப்பத்தால் இயங்கும் பகுதியையும் காந்தத்தால் இயங்கும் பகுதியையும் ஒரே கூட்டில் இணைத்த அந்த அமைப்பே இன்றும் தொடர்கிறது.

வெப்பப் பகுதியில் இரு உலோகங்கள் ஒட்டிய தகடு உள்ளது. அளவுக்கு மீறிய சுமை நீண்ட நேரம் நீடித்தால் தகடு சூடாகி வளைந்து கொக்கியை விடுவிக்கும். காந்தப் பகுதியில் உள்ள கம்பிச்சுருள், பேஸும் நியூட்ரலும் நேரடியாக ஒட்டிக்கொள்ளும் குறுக்குச் சுற்றின்போது நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கொக்கியை இழுத்துவிடும். மின்னோட்டம் குறியீட்டு அளவைப் போல் 3 முதல் 5 மடங்காகும்போது பி வகையும், 5 முதல் 10 மடங்காகும்போது சி வகையும் இவ்வாறு உடனடியாக விழும். மோட்டார் கிளம்பும்போது சில நொடிகளுக்கு அதன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு இழுப்பதால் மோட்டார் உள்ள வீடுகளில் சி வகை பொருத்தப்படுகிறது.

ஐ.இ.சி. 60898 தரத்தின்படி, முறிப்பான் 30 பாகை செல்சியசில் குறியீட்டு அளவின் 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கானால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 32 ஆம்பியர் முறிப்பான் சுமார் 36 ஆம்பியரில் தாங்கும். சுமார் 46 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழும். விரலால் நெம்பியை மேலே அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே கொக்கி விடுபட்டு இணைப்பு துண்டிக்கப்படும் வகையிலேயே இது அமைக்கப்படுகிறது. எனவே 'பிடித்துக்கொண்டு நின்றால் நிற்கும்' என்ற எண்ணம் தவறானது.

ஒரே பெயரில் மூன்று கருவிகள்

'மெயின்' என்று சுட்டப்படுவது எல்லா வீட்டிலும் ஒரே கருவி அன்று. முதலாவது, மிகைச் சுமைக்கும் குறுக்குச் சுற்றுக்கும் விழும் எம்.சி.பி. இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவு முறிப்பான். பேஸ் வழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பாமல் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால் அது விழும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் வகை பயன்படுகிறது. அதன் முகப்பில் சோதனைப் பொத்தான் இருக்கும். மூன்றாவது, கையால் மட்டும் இயக்கும் ஐசொலேட்டர்; அது தானாக விழாது.

சித்திரை வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட பழைய மதுரை வீடுகள் சிலவற்றில் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும் பீங்கான் பியூஸ் கட்டைகளும் மரப்பலகையில் இன்னும் உள்ளன. எந்தக் கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தே 'விழுந்தது' என்பதன் பொருள் மாறுகிறது. ஆர்.சி.சி.பி. விழுந்தால் சுமையைக் குறைப்பதால் பயனில்லை. கசிவைத் தேட வேண்டும்.

பழுதுக்கான காரணங்கள்

முறிப்பான் பழுதாவதற்கு மிக எளிய காரணம் முனைத் திருகு தளர்வது. கம்பி பகலில் சூடாகி விரிவதும் இரவில் குளிர்ந்து சுருங்குவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது திருகின் பிடி குறைகிறது. அலுமினியக் கம்பியில் இது விரைவாக நிகழும். அதன் மேல் படியும் ஆக்சைடு படலம் மின்னோட்டத்தைத் தடுக்கும்.

தளர்ந்த இணைப்பின் தீமை வெளியே தெரிவதில்லை. ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை உருவாகி, அதன் வழியே 20 ஆம்பியர் சென்றால் அங்கு இழக்கப்படும் அழுத்தம் 1 வோல்ட்டு மட்டுமே. விளக்கின் ஒளியில் எவரும் அதைக் கண்டறிய முடியாது. ஆனால் அதே இடத்தில் 20 வாட்டு வெப்பம் உருவாகிறது. அது சிறிய சால்டரிங் கோலின் வெப்பத்துக்கு நிகரானது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் நீடிக்கிறது. மின்னோட்டம் அளவுக்கு உட்பட்டே இருப்பதால் இதை மிகைச் சுமையாக முறிப்பான் கருதுவதில்லை. வெப்பம் உட்தகடு வரை பரவினால் காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். பரவாவிட்டால் கூடு கருகும்.

உட்தொடுமுனைகள் தேய்வது மற்றொரு காரணம். ஒவ்வொரு முறை விழும்போதும் தொடுமுனைகளுக்கு இடையே தீப்பொறி எழுந்து அவற்றை அரிக்கிறது. குறுக்குச் சுற்றில் சிலமுறை விழுந்த முறிப்பான் வெளியில் புதிதுபோல் இருந்தாலும் உள்ளே சேதமுற்றிருக்கலாம். இவற்றோடு சுருள்வில் தளர்தல், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டிக்குள் ஈரம் புகுதல், எறும்புகள் கூடு கட்டுதல், பல்லி சிக்கிக்கொள்ளுதல் ஆகியவையும் காரணங்களாகும்.

கோடை வெப்பத்தின் பங்கு

மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 பாகையைக் கடப்பது வழக்கம். மேற்கு வெயில் படும் வெளிச்சுவரில் பொருத்திய பெட்டியின் உட்புறம் இதைவிடச் சூடாக இருக்கும். முறிப்பானின் அளவு 30 பாகைக்குக் குறிக்கப்பட்டது. ஆகவே சூடான பெட்டிக்குள் அது குறைந்த மின்னோட்டத்திலேயே விழும். எவ்வளவு குறையும் என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் தரப்பட்டிருக்கும்.

ஒரு கோடை மாலையை எடுத்துக்கொண்டால், 1.5 டன் குளிர்சாதனங்கள் இரண்டு 14 ஆம்பியர், மின்தூண்டல் அடுப்பு 8, ஒரு குதிரைத்திறன் மோட்டார் 6, இஸ்திரிப் பெட்டி 4, குளிர்பதனப் பெட்டியும் மின்விசிறிகளும் விளக்குகளும் 3 எனத் தோராயமாக 35 ஆம்பியர் ஆகிறது. மார்கழியில் இதே சுமையைத் தாங்கும் 32 ஆம்பியர் முறிப்பான் சித்திரையில் விழக்கூடும். இங்கே குறை முறிப்பானில் இல்லை. மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றுவது உடனடித் தீர்வு. அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்தி மும்முனை இணைப்பு பெறுவது நிலையான தீர்வு.

தடை எங்கே எனக் கண்டறிதல்

பின்வரும் படிகளைக் கருவிகளைத் திறக்காமல், உலர்ந்த கையோடும் காலணியோடும் வீட்டில் உள்ளவர்களே செய்யலாம். கருகிய நாற்றம், புகை, பெட்டியில் பழுப்பு நிறம், 'கிர்' என்ற ஒலி, தொடாமலே உணரக்கூடிய சூடு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த நெம்பியையும் மேலே தள்ளக் கூடாது.

1. தெருவைப் பார்த்தல். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் அறிய வேண்டும். அண்டை வீட்டில் விளக்கு எரிவதை மட்டும் கொண்டு தெருவில் தடையில்லை எனக் கருத முடியாது. அவ்வீடு வேறு பேஸில் இணைந்திருக்கலாம். ஒரு பேஸ் மட்டும் போனால் தெருவில் சில வீடுகள் இருண்டும் சில வீடுகள் ஒளிர்ந்தும் இருக்கும்.

2. மின்னளவியைப் பார்த்தல். மின்னணு மின்னளவியின் திரை தானாக எண்களை மாற்றிக் காட்டினால் அதுவரை மின்சாரம் வந்துள்ளது எனக் கொள்ளலாம். சில மின்னளவிகள் பொத்தானை அழுத்தினால் உள் மின்கலத்தாலும் எண்களைக் காட்டும். அதை மின்சாரம் இருப்பதற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது. திரை இருண்டிருந்தால் தடை மின்னளவியிலோ அதற்கு முன்போ உள்ளது. அது மின்வாரியத்தின் பொறுப்பு. கட்டணம் நிலுவையில் இருந்து இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்பதையும் பார்ப்பது நல்லது.

3. நெம்பியைப் பார்த்தல். சில வகைகளில் விழுந்த நெம்பி முழுவதும் கீழே வராமல் நடுவில் நிற்கும். அதை முதலில் முழுவதும் கீழே இறக்கிப் பிறகே மேலே ஏற்ற வேண்டும். மிகைச் சுமையால் விழுந்திருந்தால் உட்தகடு ஆறச் சில நிமிடங்கள் ஆகும்.

4. கிளைகளைப் பிரித்தல். எல்லாக் கிளை முறிப்பான்களையும் அணைத்துவிட்டு மெயினை ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும். நின்றால் கிளைகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்; எந்தக் கிளையில் மெயின் விழுகிறதோ அதில் குறை உள்ளது. அக்கிளையை அணைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம்.

5. கிளைகள் அனைத்தும் அணைந்திருந்தும் எம்.சி.பி. விழுந்தால், குறை அதனுள்ளேயோ அதற்கும் கிளைகளுக்கும் இடைப்பட்ட கம்பியிலோ இருக்கும். மெயின் ஆர்.சி.சி.பி.யாக இருந்தால் மற்றொரு வாய்ப்பும் உண்டு. கிளை முறிப்பான்கள் பெரும்பாலும் பேஸை மட்டுமே துண்டிப்பதால், ஏதேனும் ஓர் அறையில் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருந்தால் கிளைகளை அணைத்த பின்னும் அது விழலாம்.

6. மின்னளவி இயங்குகிறது, மெயின் மேலே நிற்கிறது, வீட்டில் எந்த அறையிலும் மின்சாரம் இல்லை என்றால் மெயினின் பழுதே முதல் ஐயமாகும். இந்நிலையில் மெயினை இறக்கிவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

மின்பணியாளரின் சோதனைகள்

மின்பணியாளர் அளவுமானியால் மெயினின் உள்வரும் முனைகளுக்கு இடையிலும் வெளிச்செல்லும் முனைகளுக்கு இடையிலும் அழுத்தத்தை அளக்கிறார். உள்ளே 230 வோல்ட்டும் வெளியே சுழியமும் இருந்தால் தொடுமுனை கூடவில்லை என்பது உறுதி. இரண்டிலும் 230 இருந்து, சுமை கொடுத்தவுடன் வெளிப்புறத்தில் மட்டும் கடுமையாக இறங்கினால் உள்தடை மிகுந்துள்ளது. வெளிச்செல்லும் கம்பிகளைக் கழற்றிய பின்னும் நெம்பி நிற்காவிட்டால் முறிப்பான் பழுது என்பது ஐயமற்றதாகிறது.

நியான் டெஸ்டரை மட்டும் நம்புவது பல தவறான முடிவுகளுக்குக் காரணம். அது பேஸ் இருப்பதைக் காட்டும். நியூட்ரல் அறுந்திருப்பதைக் காட்டாது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயினில் நியூட்ரல் பக்கத் தொடுமுனை மட்டும் பழுதானால், பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் எரியும். பேஸ் மின்சாரம், 'ஆன்' செய்யப்பட்ட விளக்கு அல்லது விசிறியின் வழியே நியூட்ரல் கம்பிக்குள் வந்து நிற்பதே காரணம். எந்தக் கருவியும் இயங்காத இவ்வீட்டில், பாதுகாப்பானது எனக் கருதப்படும் நியூட்ரல் கம்பியைத் தொட்டாலும் மின்தாக்கு நேரும்.

மும்முனை வீட்டில் நியூட்ரல் துண்டிப்பு

மும்முனை மெயினில் ஒரு பேஸ் தொடுமுனை பழுதானால் வீட்டின் ஒரு பகுதி மட்டும் இருளும். நியூட்ரல் தொடுமுனை பழுதானால் விளைவு கடுமையானது. சுமை மிகுந்த பேஸில் அழுத்தம் குறைந்தும், சுமை குறைந்த பேஸில் 230 வோல்ட்டைத் தாண்டி 400 வோல்ட்டை நெருங்கியும் செல்லக்கூடும். ஓர் அறையில் விளக்கு மங்கி மற்றோர் அறையில் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசித்தால் அது இதன் அடையாளம். அழுத்தக் குறைவு எனக் கருதிக் காத்திராமல் மெயினை உடனே இறக்க வேண்டும். தாமதித்தால் தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்றவை எரிந்துபோகலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகள்

2012-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னைக்கு வெளியே நீண்ட நேர மின்வெட்டு நிலவியபோது, மதுரை வட்டாரத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கப்பட்டது. மெயின் பழுதாகும்போது இன்வெர்ட்டர் விளக்குகளையும் விசிறிகளையும் தொடர்ந்து இயக்குவதால் தடை உடனே தெரிவதில்லை. மின்கலம் தீர்ந்த பிறகே வீட்டார் அறிகின்றனர். அதற்குள் பழுதான இணைப்பு மணிக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும்.

மற்றொரு ஆபத்து உயிர் தொடர்பானது. மெயினை இறக்கிய பின்னும் இன்வெர்ட்டர் கம்பிகளில் 230 வோல்ட்டு இருக்கும். எனவே பலகையைத் திறக்கும் முன் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

தவறான தீர்வுகள்

விழும் 32 ஆம்பியர் முறிப்பானை எடுத்துவிட்டு 63 ஆம்பியர் மாட்டுவது பரவலான தவறு. கம்பியின் தடிமனுக்கு ஏற்பவே முறிப்பான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. முறிப்பானை மட்டும் பெரிதாக்கினால் மிகைச் சுமையில் அது விழாது. சுவருக்குள் உள்ள கம்பியின் காப்புறை உருகும். பீங்கான் பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவைத்த பழைய வழக்கத்தின் புதிய வடிவமே இது.

மெயினைத் தவிர்த்து நேராகக் கம்பியை இணைப்பது, ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை நீக்குவது, மின்னளவியின் முத்திரையை உடைப்பது ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை. முத்திரையை உடைப்பது சட்டப்படி நடவடிக்கைக்கும் உள்ளாக்கும்.

மாற்றுதலும் பொறுப்பும்

மெயினை இறக்கினாலும் அதன் உள்வரும் முனைகளில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கிளை முறிப்பானை மாற்றுவதற்கும் மெயினை மாற்றுவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. மெயினை மாற்ற அதற்கு முந்தைய பியூஸ் கட்டையைக் கழற்ற வேண்டும். அது மின்வாரியப் பணியாளரின் வேலை. தமிழ்நாட்டில் மின் பகிர்மானப் பணியைத் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் மேற்கொள்கிறது. மக்கள் வழக்கில் அது இன்னும் 'ஈ.பி.' என்றே வழங்குகிறது. 2021-இல் தொடங்கப்பட்ட 'மின்னகம்' நுகர்வோர் சேவை மையத்தில் 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் புகார் பதியலாம். புகார் அளிக்கும்போது மின் இணைப்பு எண்ணும், மின்னளவித் திரையின் நிலையும் கூறப்பட்டால் பணியாளர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெளிவாகும்.

மின்னளவிக்குப் பிந்தைய கம்பியமைப்பு வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அப்பணியைத் தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய முறிப்பானில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஆம்பியர் அளவு, பி அல்லது சி வகைக் குறி, 6000 அல்லது 10000 போன்ற குறுக்குச் சுற்றுத் தாங்கு எண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கருகிய கம்பி முனையை வெட்டி நீக்கி, நல்ல கம்பியைப் புதிதாகச் சீவிப் பொருத்தாவிட்டால் புதிய முறிப்பானும் அதே இடத்தில் கருகும்.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்கும் முன், முனைத் திருகுகளை மின்பணியாளரைக் கொண்டு இறுக்குவதும், ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்ப்பதும் பெரும்பாலான பழுதுகளைத் தடுக்கும். பொத்தானை அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்காது, அதை உடனே மாற்ற வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

பலகையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர் தூள் அல்லது கரியமில வாயுத் தீயணைப்பானைப் பயன்படுத்தலாம். இயலாவிட்டால் வெளியேறித் தீயணைப்புத் துறையை 101 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். மின்தாக்குக்கு உள்ளானவரை, மின்சாரத்தைத் துண்டிக்கும் முன் கையால் தொடக் கூடாது. துண்டிக்க முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியிலிருந்து விலக்கி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். எழுந்து நடமாடினாலும் அவரை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்; மின்தாக்கால் இதயத் துடிப்பில் ஏற்படும் கோளாறு வெளியே தெரியாமல் இருக்கக்கூடும்.